ஒரே பெட்டிக்குள்ள 5.1, 1000 வாற்ஸ் எண்டு விக்கிற ஹோம் தியேட்டர்: உண்மையில என்ன கிடைக்கும்?

நல்லூர்வாசி:

வணக்கம். யாழ்ப்பாணம் ரவுணுக்குள்ள இப்ப கனகடையளில மூண்டு அடி நீளத்தில ஒரே பெட்டியா ஹோம் தியேட்டர் வச்சிருக்கினம். மட்டையில "1000 வாற்ஸ்", "5.1 சரவுண்ட்" (சுத்திவர அஞ்சு ஸ்பீக்கர், பேஸுக்கு ஒரு சப்வூஃபர்), "3டி சினிமா சவுண்ட்", "டீப் பேஸ்" எண்டு பெரிசாப் போட்டிருக்கு. அதே சாமான்ர பின்பக்கத் தகட்டில "டிசி 18 வோல்ற், 2.5 அம்பியர்" எண்டு சின்னனா இருக்கு. இந்த ரண்டும் ஒண்டோட ஒண்டு பொருந்தி வரேல்லை.

ஹோல் 14 அடி நீளம், 12 அடி அகலம். நிலம் டைல்ஸ். மேல ஓடு, அதுக்குக் கீழ சரிவாப் பலகைச் சீலிங். 43 அங்குல ரீவி, அதில சத்தத்தை வெளிய எடுக்க எச்டிஎம்ஐ ஆர்க்கும் ஒப்ரிக்கலும் இருக்கு. பாக்கிறது கேபிள் சனலும் தமிழ்ப் படமும், இடைக்கிடை யூரியூப். 60 ஆயிரத்துக்குள்ள முடிக்கவேணும். மட்டையில போட்டிருக்கிறதில எது உண்மை, கடையில வச்சே எப்பிடிச் சோதிக்கிறது, இந்தக் காசுக்கு வேற வழி இருக்கோ எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஒலிப்பெட்டி:

தம்பி, நீங்கள் பார்க்கவேண்டிய இடத்தைச் சரியாப் பார்த்திருக்கிறீங்கள். மட்டையை விடுங்கோ, தகடு பொய் சொல்லாது.

18 வோல்ற்றை 2.5 அம்பியரால் பெருக்கினால் 45 வாற்ஸ். அந்த அடப்ரர் தொடர்ந்து தரக்கூடிய முழு மின்சாரமும் அவ்வளவுதான். உள்ளே இருக்கிறது மின்சாரத்தைக் குறைவாக வீணாக்குகிற கிளாஸ் டி அம்ப்ளிபயர் என்றால் அதில் 85, 90 சதவீதம் ஸ்பீக்கருக்குப் போகும். ஆக எல்லாச் சனலுக்கும் (ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனியாகப் போகிற ஒலிவழிகள்) சேர்த்து 40 வாற்ஸுக்குள்ளேதான். உள்ளே உள்ள கப்பாசிற்றர்கள் ஒரு கணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கும். அதற்காக 40 ஒருநாளும் 1000 ஆகாது. அந்த 1000 என்பது பிஎம்பிஓ, அதாவது ஒரு கணத்து உச்சம் என்று சொல்லிப் போடுகிற கணக்கு. அதை இப்படித்தான் அளக்கவேண்டும் என்று எந்த நியமமும் கிடையாது. விற்கிறவர் விரும்பின இலக்கத்தைப் போடலாம், போடுகிறார்கள்.

பிஎம்பிஓ இல்லாமல் "ஆர்எம்எஸ்" (தொடர்ந்து தருகிற அளவு) என்று போட்டிருந்தாலும் அதற்குப் பக்கத்தில் டிஸ்ரோஷன், அதாவது ஒலி கெடுகிற அளவு, எத்தனை சதவீதம் என்று பாருங்கோ. 10 சதவீதத்தில் எடுத்த அளவைத்தான் கனபேர் போடுவினம். சின்ன அம்ப் போர்ட்டுகளில் அதிகம் ஓடுகிற டிபிஏ3116 சிப்பின் "50 வாற்ஸ் இரண்டு சனல்" என்ற அளவும் 21 வோல்ற், 4 ஓம், 10 சதவீதத்தில் எடுத்ததுதான். 10 சதவீதத்தில் குரல் கரகரக்கும். சுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் போட்டிருக்கிற அளவில் கால்வாசியைக் கழியுங்கோ.

இதைவிட முக்கியமான ஒன்று, வாற்ஸ் அவ்வளவு பெரிய விசயமே இல்லை. வாற்ஸை இரண்டு மடங்காக்கினால் சத்தம் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் போலக் கேட்கப் பத்து மடங்கு வாற்ஸ் வேண்டும். ஸ்பீக்கரின் சென்சிற்றிவிற்றிதான் பெரிய வித்தியாசத்தைத் தரும். ஒரு வாற்ஸ் கொடுத்து ஒரு மீற்றரில் நின்று அளந்தால் 2 அங்குல ஸ்பீக்கர் 80, 82 டெசிபெல்தான் தரும். ஒழுங்கான 6 அங்குல வூஃபர் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) 86, 88 தரும். அந்த 6 டெசிபெல்லை வாற்ஸால் ஈடுகட்டுவதென்றால் நான்கு மடங்கு தேவை.

இனி பேஸ். இங்கேதான் சின்னப் பெட்டிக்கு வழியே இல்லை. பேஸ் என்றால் காற்றைத் தள்ளுகிற வேலை. சுருதி ஒரு ஸ்தாயி கீழே போகப்போக, அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ளவேண்டும். 160 ஹேர்ட்ஸில் (செக்கனுக்கு 160 அதிர்வு) தள்ளுகிற காற்றைவிட 40 ஹேர்ட்ஸில் பதினாறு மடங்கு வேண்டும். 6.5 அங்குல வூஃபரின் கோன் (காற்றைத் தள்ளுகிற கூம்பு) பரப்பு 2 அங்குலத்தைவிட ஏறக்குறைய பத்து மடங்கு. சின்னக் கோன் அதை ஈடுகட்ட முன்பின்னாகப் பாயவேண்டும், ஆனால் அதற்கு சில மில்லிமீற்றருக்கு மேலே இடமில்லை. ஒலிப்பெட்டி செய்கிறவர்களிடம் ஹொஃப்மன் விதி என்று ஒன்று இருக்கிறது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், நல்ல சென்சிற்றிவிற்றி, இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுக்கலாம். எவ்வளவு புதிய சிப் போட்டாலும் இது மாறாது.

கடையில் சோதிக்க இரண்டு வழி. போனில் டோன் ஜெனறேற்றர் ஒன்றை இறக்கி, புளூரூத்தில் இணைத்து, 120 ஹேர்ட்ஸில் தொடங்கி மெல்ல மெல்லக் கீழே கொண்டுவாருங்கோ. சுருதி இறங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் இலக்கம் குறையும், ஆனால் காதுக்குச் சுருதி இறங்காது, சத்தம் சடசடவென்று உடையும் அல்லது தேயும். அதுதான் அந்தப் பெட்டியின் எல்லை. 2 அங்குலக் கோன் உள்ளவை 100 ஹேர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றுவிடும். 40 ஹேர்ட்ஸ் போட்டும் ஏதோ கேட்கிறதே என்று ஏமாறவேண்டாம். நீங்கள் கேட்கிறது 80, 120 ஹேர்ட்ஸ் என்று வருகிற அதன் மடங்குகள். மூளை அதை வைத்து இல்லாத அடிச்சுருதியை நிரப்பிக்கொள்ளும். "டீப் பேஸ்" பொத்தான்கள் கனக்க இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

மற்றது, ஒரு நாதஸ்வர தவில் கச்சேரியைப் போடுங்கோ. சத்தத்தைக் கால்வாசியில் வைத்துத் தவிலின் தொப்பிப் பக்க அடியைக் கவனியுங்கோ, "தொம்" என்று நிறைவாக விழும். பிறகு முக்கால்வாசிக்கு ஏற்றுங்கோ. நாதஸ்வரம் ஏறும், வலந்தலை "டக் டக்" என்று ஏறும், ஆனால் தொப்பி அடி ஏறாது, சுருங்கி நெஞ்சில்லாமல் போகும். உள்ளே இருக்கிற லிமிற்றர், ஸ்பீக்கர் கிழியாமல் இருக்கப் பேஸை வெட்டுகிறது. கடைக்காரர் எப்போதும் குறைந்த சத்தத்தில் பேஸ் நிறைந்த பாட்டைப் போட்டுக் காட்டுவதற்கு இதுதான் காரணம். முக்கால்வாசிக்கு ஏற்றச் சொல்லிக் கேட்காமல் காசைக் கொடுக்க வேண்டாம்.

மின்வேலை சுன்னாகம்:

ஒலிப்பெட்டி அண்ணா வாற்ஸைப் பற்றி எழுதிட்டார். நான் "5.1" எண்டதைப் பற்றிச் சொல்லுறன்.

முதல்ல, வாற சத்தமே 5.1 இல்லை. கேபிளில வாற தமிழ்ச் சனலில அநேகமா ரண்டு சனல் ஸ்ரீரியோதான். யூரியூப்பும் பெரும்பாலும் ரண்டுதான். காசு கட்டிப் பாக்கிற ஸ்ரீமிங் அப்பளில மட்டும் 5.1 வரும், சிலதில அட்மோஸும் (மேலயிருந்தும் சத்தம் வாற டொல்பி முறை) வரும். நீங்கள் பாக்கிற பட்டியலைப் பாத்தால் முக்கால்வாசி நேரம் பின்னுக்குப் போக ஒரு சத்தமும் வராது. பெட்டி அதே ரண்டு சனலைக் குழப்பி எக்கோ மாதிரிப் பரப்பும். அதில வசனம்தான் முதல் கெடும்.

ரண்டாவது, முன்னுக்கு இருக்கிற ஒரு பெட்டி பின்னால சத்தம் வாற மாதிரிக் காட்டுறது, காதுக்கு வாற நேர வித்தியாசத்தையும் தொனி வித்தியாசத்தையும் கணக்குப் போட்டு. இடது ஸ்பீக்கர்ர சத்தம் வலது காதுக்குப் போறதை எதிர்ச் சத்தம் போட்டு அழிக்கவேணும். இது ஒரே ஒரு கதிரைக்குத்தான் சரிவரும். நடுவில இருக்கிற ஆள் ஒரு அடி தள்ளி இருந்தாலே கலைஞ்சு போகும். ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் விறாந்தைக்குத் திறந்த வாசல் எண்டால் அந்த ஒரு கதிரைக்கும் சரிவராது, ஏனெண்டால் ரண்டு பக்கமும் சத்தம் ஒரே மாதிரித் தெறிக்காது.

அட்மோஸ் எண்டு மேல்நோக்கின ஸ்பீக்கரோட வாறதுகள் சீலிங்கில அடிச்சுத் தெறிச்சு வாறதை நம்பியிருக்கு. டொல்பி சொல்லுறதே தட்டையான, சத்தத்தைத் தெறிக்கவிடுற சீலிங், 7.5 அடியில இருந்து 12 அடி உயரம் நல்லது, 14 அடிக்கு மேல வேண்டாம் எண்டுதான். உங்கட ஓட்டு வீட்டுச் சரிவுச் சீலிங்கில பட்டால் கதிரைக்கு வராமல் வேற பக்கம் போகும். அதுக்குக் காசு குடுக்கவேண்டாம். மலிவுச் சாமானில மேல்நோக்கின ஸ்பீக்கரே இராது, "அட்மோஸ்" எண்டு எழுதினதோட சரி. மூடியில ஸ்பீக்கர் வலை மாதிரி இருந்தால் அதைக் கையால பொத்திப் பாருங்கோ, சத்தம் மாறாட்டில் கீழ ஒண்டும் இல்லை.

வயரைப் பற்றியும் சொல்லவேணும், ஏனெண்டால் நல்ல சாமானை வாங்கியும் இதில பிழைவிடுற ஆக்கள் கன. புளூரூத்தில ரண்டு சனலுக்கு மேல வராது. சாதாரணமா 0.15, 0.2 செக்கன் பிந்தி வரும், வாய் அசைவும் சத்தமும் பொருந்தாது. பாட்டுக்குச் சரி, படத்துக்கு வேண்டாம். ஒப்ரிக்கல் வயர் ரண்டு சனல் பிசிஎம்மையும் (சுருக்காத சாதாரண டிஜிற்றல் சத்தம்) பழைய டொல்பி டிஜிற்றல், டிடிஎஸ் 5.1ஐயும் கொண்டுபோகும், அட்மோஸ் போகாது. எச்டிஎம்ஐ ஆர்க்கில ரீவி சம்மதிச்சால் ஸ்ரீமிங் அட்மோஸ் போகும். புளூரே டிஸ்க்கில இருக்கிற முழு அட்மோஸுக்கு ஆர்க்கின்ர புது வடிவமான ஈ-ஆர்க் வேணும். பெட்டியில எச்டிஎம்ஐ ஓட்டையே இல்லாமல் ஒக்ஸும் (இயர்போன் வயர் மாதிரிக் குத்துற ரண்டு சனல் ஓட்டை) புளூரூத்தும் யூஎஸ்பியும் மட்டும் இருந்தால், மட்டையில 5.1 எண்டு போட்டிருந்தாலும் அதுக்குள்ள 5.1 போறதுக்கு வழியே இல்லை. கடையில நிண்டு அரை நிமிசத்தில பாக்கக்கூடிய சோதனை இது.

"வயர்லெஸ் சப்வூஃபர்" எண்டால் சிக்னலுக்குத்தான் வயர் இல்லை, அதுக்கும் ஒரு பிளக் பொயின்ற் வேணும். பின் ஸ்பீக்கருக்கும் அப்பிடித்தான். ஹோலின்ர பின் சுவரில பொயின்ற் இருக்கோ எண்டு முதல் பாருங்கோ.

பருத்தித்துறை மங்கை:

நான் கொஞ்சம் மாறிச் சொல்லப்போறன். சவுண்ட்பார், அதுதான் இந்த நீட்டுப் பெட்டியள், எல்லாமே வீண் எண்ட மாதிரி ஆக்கள் விளங்கிக்கொள்ளக்கூடாது.

வீட்டில வயசுபோன ஆக்கள் இருந்தால், அவைக்குப் பேஸும் சரவுண்டும் தேவையில்லை, வசனம் விளங்கவேணும். மெல்லிய ரீவியளில ஸ்பீக்கர் கீழயோ பின்னுக்கோ பாத்துக்கொண்டு இருக்கும், ச, த, ப மாதிரி மெய்யெழுத்துச் சத்தங்கள் சுவரிலயும் மேசையிலயும் பட்டுத் தேஞ்சுதான் வரும். சின்ன பார் எண்டாலும் முகத்தைப் பாத்துச் சத்தம் போடுறபடியால் அந்தத் தெளிவு உடன வரும். இந்த ஒரு வேலைக்கு மலிவான 2.0 பார் (இடது, வலது ரண்டு சனல் மட்டும்) தாராளம். நடுவில வசனத்துக்கெண்டு தனி ஸ்பீக்கர் உள்ள 3.0, 3.1 எண்டால் இன்னும் நல்லம். அதை வாங்கினால் சரவுண்ட் பொத்தானை நிப்பாட்டி, "வொய்ஸ்" அல்லது "நியூஸ்" மோட்டில விடுங்கோ.

ஒண்டு கவனம். சோக்கேஸ் தட்டுக்குள்ள உள்ள தள்ளி வைக்கவேண்டாம். தட்டு பானை மாதிரி முழங்கும், வசனம் மூக்கால கதைக்கிற மாதிரி வரும். பாரின்ர முன் விளிம்பு தட்டின்ர முன் விளிம்போட சமனா வரவேணும், ரீவியின்ர ரிமோட் கண்ணை மறைக்கவும் கூடாது.

பிழை சாமானில இல்லை, எழுத்தில. 40 வாற்ஸ், 2.0, வசனத்துக்கு நல்லது எண்டு உள்ளதை எழுதி வித்தால் அதைத் தேவைப்பட்ட ஆக்கள் சந்தோசமா வாங்குவினம். 1000 எண்டு எழுதேக்கதான், குருவியா சேர்த்த காசைக் கொண்டுவந்து வாங்குற ஆள் ஏமாறுது. இது எனக்கு உண்மையில கவலையான விசயம்.

ஒலிப்பெட்டி:

மங்கை அக்கா சொன்னது சரி, வசனம் மட்டும் என்றால் நானும் அதைத்தான் சொல்லுவேன்.

ஆனால் நல்லூர்வாசி படமும் பாட்டும் கேட்கிறார். 60 ஆயிரத்தை ஐந்து சனலுக்குப் பிரிக்காமல் இரண்டு நல்ல ஸ்பீக்கரில் போடுங்கோ. 4 அல்லது 5 அங்குல வூஃபர், மெல்லிய உச்சச் சத்தங்களுக்குத் தனி ட்வீற்றர், உள்ளே அம்ப்ளிபயரோடு வருகிற அக்ரிவ் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் சோடி ஒன்று. மரப் பெட்டி, பின்னுக்குக் காற்று ஓட்டை, ஒப்ரிக்கல் அல்லது ஆர்க் இன்புட், ரிமோட். இவை 60 ஹேர்ட்ஸ் பக்கம் வரை ஒழுங்காக இறங்கும். ரீவிக்கு இரண்டு பக்கமும் தள்ளி வைத்தால் நடுவில் ஆள் நின்று கதைக்கிற மாதிரியே வசனம் வரும். தூக்கிப் பாருங்கோ, பாரமாக இருக்கவேண்டும். பாரம் என்றால் காந்தமும் மரமும்.

வயர் சுற்றப் பயமில்லை என்றால் இன்னும் மலிவான வழி ஒன்று உண்டு. அம்ப் இல்லாத 8 ஓம், 86 டெசிபெல் புக்‌ஷெல்ஃப் சோடி, ஒரு டிபிஏ3116 போர்ட், 19 வோல்ற் 4.74 அம்பியர் லப்டொப் சார்ஜர். சனலுக்கு 20 வாற்ஸ் கிடைக்கும். 86 டெசிபெல்லோடு 20 வாற்ஸுக்கு 13 டெசிபெல் கூட்டினால் ஒரு மீற்றரில் 99 டெசிபெல். மூன்று மீற்றர் தள்ளி இருக்கிற கதிரையில் 90 பக்கம் வரும். 14 அடி ஹோலுக்கு அது தேவைக்கு மேலே. கணக்கைப் பார்த்தீங்களோ, 20 வாற்ஸ்தான்.

பழைய ஜப்பான் ரிசீவர், ஸ்பீக்கர் மலிவாகக் கிடைத்தால் அதுவும் நல்லம்தான். ஆனால் முதலில் தகட்டைப் பாருங்கோ. ஜப்பான் உள்ளூர்ச் சாமான் 100 வோல்ற். எங்கட 230இல் நேரே குத்தினால் அந்த இடத்திலேயே எரியும். ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் தேவை, தகட்டில் 300 வாற்ஸ் என்றால் 500 விஏ எடுங்கோ. ஸ்பீக்கரின் ஓரம் ஸ்பொஞ்சா றப்பரா என்று பாருங்கோ. இங்கத்தைய வெக்கைக்கும் ஈரக்காற்றுக்கும் ஸ்பொஞ்ச் ஓரம் மாவாக உதிரும். விரல் நுனியால் தொட்டாலே ஒட்டும். நாலு விரலால் கோனை நேராக, மெதுவாக அமத்திப் பாருங்கோ. உரசுகிற சத்தம் கேட்டால் உள்ளே சுருள் தேய்ந்துவிட்டது, வேண்டாம். மீற்றர் இருந்தால் 8 ஓம் ஸ்பீக்கர் 6 பக்கமும் 4 ஓம் 3.4 பக்கமும் காட்டவேண்டும்.

நல்லூர்வாசி:

நன்றி, இப்ப விளங்குது. அக்ரிவ் சோடி பக்கம்தான் போகப்போறன். ஒண்டு மட்டும்: நான் பாத்த சோடியில ஆர்சிஏ (சிவப்பு வெள்ளை வட்ட ஓட்டை) மட்டும்தான் இருக்கு. ஒப்ரிக்கலை ஆர்சிஏ ஆக்கிற சின்னப் பெட்டி போடலாம் எண்டு கடையில சொல்லிச்சினம். அதைப் போட்டால் சத்தமே வாறேல்லை எண்டு சில பேர் எழுதியிருக்கினம். ஏன்? மற்றது, ஹோலில எங்க வைக்கிறது?

மின்வேலை சுன்னாகம்:

அந்தப் பெட்டி பழுதில்லை. ரீவி டொல்பியா அனுப்பும், மலிவுப் பெட்டிக்கு டொல்பியைப் பிரிக்கத் தெரியாது. அதால ஒண்டில் சத்தம் வராது, ஒண்டில் "கர்ர்ர்" எண்டு இரையும். ரீவி செற்றிங்ஸில சவுண்ட் பகுதிக்குப் போய், டிஜிற்றல் ஓடியோ அவுட்புட் "ஓட்டோ" அல்லது "பிட்ஸ்ரீம்" எண்டு இருக்கிறதை "பிசிஎம்" ஆக்குங்கோ. உடன வரும். ஒப்ரிக்கல் வயரின்ர ரண்டு நுனியிலயும் இருக்கிற சின்னப் பிளாஸ்ரிக் மூடியைக் கழட்டினதோ எண்டும் பாருங்கோ, அதை மறந்து பெட்டியைத் திருப்பிக் குடுக்கிற ஆக்களும் இருக்கினம்.

ஒப்ரிக்கலில கனக்க ரீவியளில ரீவி ரிமோட்டால சத்தம் கூட்டிக் குறைக்க ஏலாது. ஸ்பீக்கர்ர ரிமோட்டைத்தான் பாவிக்கவேணும், ரிமோட் இல்லாத சோடியை எடுத்திடாதேங்கோ. ரீவியில இயர்போன் ஓட்டையில இருந்து எடுத்தால் ரீவி ரிமோட் வேலை செய்யும். ஆனால் கேபிள் ரீவி வயர் குத்தியிருந்தால் "ம்ம்ம்" எண்டு 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வர இடமிருக்கு. கேபிளைக் கழட்டிப் பாருங்கோ, இரைச்சல் நிண்டால் எர்த் ரண்டு வழியால வந்து மின்சாரம் சுத்துது எண்டு அர்த்தம். ஒப்ரிக்கலில அந்தக் கரைச்சல் இல்லை, ரண்டுக்கும் இடையில செம்பே இல்லை.

ஐப்பசி கார்த்திகை இடிமழைக்கு பிளக்கை மட்டும் கழட்டினால் காணாது. கேபிள் வயரையும் இன்ரநெற் வயரையும் ரீவியில இருந்து இழுத்துவிடுங்கோ. மின்னல் அதால வந்து எச்டிஎம்ஐக்குள்ளால ஸ்பீக்கருக்குப் போகும், முதல் போறது எச்டிஎம்ஐ போர்ட்தான். எர்த் ஒழுங்கா இல்லாத வீட்டில சேர்ஜ் புரொடெக்ரரை நம்பி இருக்கவேண்டாம்.

ஒலிப்பெட்டி:

வைக்கிறதைச் சொல்கிறேன். ஸ்பீக்கர் இரண்டுக்கும் இடையில் 6, 7 அடி. கதிரையும் ஒவ்வொன்றில் இருந்தும் அதேயளவு அல்லது கொஞ்சம் கூட. ட்வீற்றர் காது மட்டத்தில், முகம் கொஞ்சம் கதிரைப் பக்கம் திரும்பி. ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரில் இருந்து ஒரு அடியாவது வெளியே. காற்று ஓட்டை பின்னுக்கு உள்ளதைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் குமுறும்.

உங்கட 14 அடி நீளத்துக்கு 40 ஹேர்ட்ஸ் பக்கத்தில் அறையே முழங்கும். கதிரைக்குப் பின்னால் உள்ள சுவரோடு ஒட்டினபடி கதிரையை வைத்தால் அந்த முழக்கம் காதில் இறங்கும். ஒன்றரை, இரண்டு அடி முன்னுக்கு இழுத்தால் குறையும். பிறகு டைல்ஸ். ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவில் நிலத்தில் தடித்த கார்ப்பெற் ஒன்று, மெல்லிய பாய் காணாது. யன்னலுக்குப் பாரமான திரை. ஹோலின் நடுவில் நின்று ஒருக்கால் கையைத் தட்டுங்கோ. "டிர்ர்" என்று இழுத்தால் இன்னும் துணி வேண்டும், தட்டின சத்தம் அந்த இடத்திலேயே நின்றால் காணும்.